காகிதம் கேட்ட சட்டமும் கலங்காத வழக்கறிஞரும்

ஒரு மனிதன் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்பதை எப்படிக் கண்டறிவது? பிறந்த மண் எதுவென்று கேட்கலாம். உழைத்த மண் எதுவென்று கேட்கலாம். பெற்றோரைப் புதைத்த மண் எதுவென்று கேட்கலாம். இம்மூன்றையும் கேளாமல், தகப்பன் பிறந்த பத்திரம் எங்கே, பாட்டன் பிறந்த பத்திரம் எங்கே, பூட்டன் பிறந்த பத்திரம் எங்கே என்று கேட்ட சட்டம் ஒன்று உண்டு. நமக்கு மிக அருகே, பாக்கு நீரிணையின் அக்கரையில், இலங்கைத் தீவில் 1948ஆம் ஆண்டு அச்சட்டம் பிறந்தது. பிறந்த அன்றே ஏழெட்டு இலட்சம் தமிழ்த் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது.

அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறோம். அவர் தொழிலாளி அல்லர். கொழும்பு நீதிமன்றங்களில் பெயரும் பொருளும் ஈட்டிய வழக்கறிஞர். அவர் மலைநாட்டவரும் அல்லர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். அச்சட்டத்தால் அவருடைய குடியுரிமைக்கு ஊறு இல்லை. அவருக்கு வாக்களித்த மக்களின் குடியுரிமைக்கும் ஊறு இல்லை. வாய்மூடி இருந்திருந்தால் பதவி வந்திருக்கும். வாய்திறந்தார்; தோல்வி வந்தது. அவர்தாம் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஈழத் தமிழர் தந்தை செல்வா என்று அழைக்கும் பெரியவர்.

அவருடைய வாழ்க்கையைப் பேசுவோர் பெரும்பாலும் மொழிப் போராட்டத்தையும், கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்களையும், வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் பேசுவர். பேச வேண்டியவைதாம். ஆனால் அவரது தனி அரசியல் வழி தொடங்கிய இடம் எது? மொழி அன்று, தோட்டத் தொழிலாளியின் குடியுரிமை. அதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

செல்வநாயகம் பிறந்தது 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று நினைப்போர் பலர். அல்ல, மலாயா நாட்டு ஈப்போ. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. நான்கு வயதில் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் தெல்லிப்பழைக்கு வந்தார். அங்கே யூனியன் கல்லூரி, பிறகு யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, பிறகு கொழும்பு முகத்துவாரத்திலிருந்த பரி. தோமாவின் கல்லூரி எனப் படிப்பு வளர்ந்தது. பிற்காலத்தில் பிரதமராகி அவரோடு ஒப்பந்தம் எழுதப்போகும் பண்டாரநாயக்காவும் அக்கல்லூரியில் பயின்றவரே. 1918இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார்.

பட்டம் பெற்றவர் ஆசிரியரானார். அப்போது நோயுற்றுக் கிடந்த தம்பியைப் பார்த்துவர விடுப்புக் கேட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது. வேலையை உதறிவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். அதிகம் பேசாத, உரத்துப் பேச உடலிலும் வலுவில்லாத அந்த இளைஞரின் உள்ளே இப்படியொரு உறுதி இருந்தது. அந்த உறுதியைப் பின்னாளில் பிரதமர்களும் கண்டனர்.

பிறகு சட்டம் படித்தார். கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகளில் தேர்ந்த வழக்கறிஞர் என்று பெயர் எடுத்தார்; அரசரின் வழக்கறிஞர் என்ற பட்டமும் பெற்றார். மேடையில் இடிமுழக்கம் செய்பவரல்லர். காணி வழக்குகளிலும் உறுதிப் பத்திர வழக்குகளிலும் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் உள்ள வேற்றுமையை எடைபோட்டுப் பழகியவர். சட்டத்தின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் எப்படிப் பறிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவேதான் 1948இல் பாராளுமன்றத்தின் முன் வந்த மசோதாவைப் படித்தபோது, அது பறிக்கப்போவது எதை என்பதும் அவருக்கு விளங்கிற்று.

மசோதாவைப் பார்க்குமுன் அந்த மக்களைப் பார்ப்போம்.

வெள்ளைக்காரத் துரைமார் இலங்கை மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை நட்டனர். காட்டை வெட்டியது யார்? நம்மவர். திருச்சியிலிருந்தும், தஞ்சையிலிருந்தும், மதுரையிலிருந்தும், இராமநாதபுரத்திலிருந்தும், புதுக்கோட்டையிலிருந்தும், சேலத்திலிருந்தும் கங்காணியின் பின்னே நடந்து சென்றவர்கள். பஞ்சம் விரட்டச் சென்றார்கள். சாதிக் கொடுமை விரட்டச் சென்றார்கள். மன்னாரிலிருந்து மலைவரை நடந்த பாதையில் நோயில் விழுந்தவர்களும் உண்டு. போய்ச் சேர்ந்தவர்கள் லயத்து அறைகளில் குடியேறினர். ஓர் அறை, ஒரு குடும்பம், ஒரு தலைமுறை. அடுத்த தலைமுறையும் அதே அறையில். அவர்கள் கொய்த கொழுந்து இலங்கையின் கருவூலத்தை நிரப்பிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்கள் தொகை 7,80,000. தீவின் மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர்.

1947இல் பொதுத் தேர்தல் நடந்தது. தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். மலைநாட்டுத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் வென்றனர். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குச் சென்றது. அதே தேர்தலில், காங்கேசன்துறைத் தொகுதியில் தமிழ்க் காங்கிரசின் சார்பில் செல்வநாயகம் வென்றார்.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. வெள்ளையன் போய்விட்டான், இனி நமக்கும் நல்ல காலம் என்று தோட்டத் தொழிலாளி எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் புதிய ஆட்சி அவனை வேறு கண்ணால் பார்த்தது. தொழிற்சங்கம் கட்டுகிறான், இடதுசாரிக்கு வாக்களிக்கிறான், மலைநாட்டில் தொகுதிகளைப் பிடிக்கிறான். அவன் கையிலிருந்து வாக்குச் சீட்டைப் பறிக்க வேண்டும். நேராகப் பறித்தால் உலகம் கேட்கும். ஆகவே முதலில் குடியுரிமையைப் பறித்தனர். வாக்குரிமை தானாக உதிர்ந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது அச்சட்டம். தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தந்தை பிறக்கவில்லையென்றால், தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கில் இல்லை. சட்டத்திற்குப்பின் பிறக்கும் பிள்ளைக்கு, பிறக்கும்போது தந்தை பிரஜையாக இருக்க வேண்டும். அதாவது, தகப்பன் நாடற்றவனானால் பிள்ளையும் நாடற்றவன், பேரனும் நாடற்றவன். சொத்து இல்லாத வீட்டுக்குச் சட்டம் ஒரு பரம்பரைச் சொத்தைக் கொடுத்தது!

சிறந்த பொதுத்தொண்டு செய்த பெரியோர் சிலருக்கு மட்டும் வேறொரு கதவு திறந்திருந்தது. அமைச்சர் விரும்பினால் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேரைப் பிரஜையாகப் பதியலாம். மலையைப் பொன்னாக்கிய இலட்சக்கணக்கானவர் செய்தது தொண்டு என்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்வநாயகம் பிறந்தது ஈப்போவில். ஆனால் அவருடைய தந்தையும் பாட்டனும் இலங்கையர். ஆகவே சட்டத்தின் முன் அவர் இலங்கைப் பிரஜை. அட்டனிலோ பதுளையிலோ லயத்தில் பிறந்து, ஒரு நாளேனும் கடல் காணாமல், ஐம்பது ஆண்டு கொழுந்து பறித்த தொழிலாளி, தகப்பன் பிறந்த ஊர் புதுக்கோட்டைச் சீமை என்றால், அந்நியன். ஈப்போவில் பிறந்தவர் இந்நாட்டவர். இந்நாட்டில் பிறந்தவன் ஏதிலி! இந்த அநீதி தமக்குச் சாதகமாக இருந்தும், அதை அநீதி என்று சொன்னதில்தான் செல்வநாயகத்தின் பெருமை இருக்கிறது.

அன்றைய யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வது எளிதன்று. மலைநாட்டுத் தமிழரைத் தம்மவராகக் கருதாத படித்தவர்கள் இருந்தனர். கூலி என்ற சொல்லால் ஒரு மக்கள் கூட்டத்தையே ஒதுக்கியவர்கள் இருந்தனர். நமக்கென்ன வந்தது என்ற கேள்வி இருந்தது. செல்வநாயகம் அந்தக் கேள்விக்கு வழக்கறிஞரின் விடையைக் கொடுத்தார். இன்று அவர்களை எண்ணிக்கையால் குறைப்பவர்கள் நாளை நம்மிடம் வருவார்கள். நாளை நம் மொழிக்கு வருவார்கள் என்று எச்சரித்தார். எட்டு ஆண்டு கழித்து, 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. எச்சரிக்கை பலித்தது.

1948 ஆகஸ்டில் மசோதாவை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸ் வாக்களித்தது. அதன் தலைவர் பொன்னம்பலமும் எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் அடுத்த மாதமே பொன்னம்பலம் அமைச்சரானார். ஆண்டின் இறுதியில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது, அவர் அரசின் பக்கம் நின்றார். செல்வநாயகம் நிற்கவில்லை. தலைவரை விட்டுப் பிரிந்தார். வன்னியசிங்கமும், மருத்துவர் நாகநாதனும் உடன் வந்தனர். 1949 டிசம்பர் 18ஆம் நாள் கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஒரு கட்சியின் பிறப்புக்கு, தனக்கு வாக்களிக்க முடியாத மக்களின் குடியுரிமை காரணமாக அமைந்தது என்பதை வரலாற்றில் எத்தனை இடத்தில் காண முடியும்?

இனி அந்த இரண்டாவது சட்டத்தைப் பார்ப்போம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் அது. கதவைத் திறப்பது போலத் திறந்து, வாசற்படியை ஆளுயரத்துக்கு உயர்த்தியது. விண்ணப்பிக்கலாம் என்றது. மணமானவர் 1946 சனவரி 1க்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவி மக்களும் உடன் வாழ்ந்திருக்க வேண்டும். வாழ வருவாய் இருக்க வேண்டும். நிலையாகத் தங்கும் எண்ணம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டு தவணை. 1951 ஆகஸ்டோடு முடிந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்ன செய்வான்? தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு ஊருக்குப் போனான். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து ஓராண்டு கழித்துத் திரும்பினான். தொடர்ச்சி அறுந்தது. ஊரிலிருக்கும் தமக்கைக்குப் பத்து ரூபாய் அனுப்பினான். அப்படியானால் எண்ணம் இங்கே இல்லை என்று கேள்வி பிறந்தது. தோட்டத்துப் பேரேட்டில் முத்தன். பிறப்புப் பத்திரத்தில் முத்தையா. கலியாணப் பதிவே இல்லை. ஒரே ஆள் மூன்று ஆளாகி, மூவரும் தகுதியற்றவராயினர்.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு, புறக்கணிப்பால் இழப்பு நமக்கே என்று கண்டு, விண்ணப்பிக்கச் சொன்னது. தவணையின் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. படிவம் நிரப்பிக் கொடுத்த தொழிற்சங்க எழுத்தரும், தோட்டப் பள்ளி ஆசிரியரும், படித்த இளைஞரும் அன்று செய்த தொண்டை எந்தப் பட்டயத்திலும் எழுதி வைக்கவில்லை. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேல். பல ஆண்டு விசாரணைக்குப்பின் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறு பேர் கதவைத் தட்டினால் ஒருவருக்குத் திறந்தது.

இதற்கிடையில் 1949ஆம் ஆண்டின் 48ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் வாக்காளர் அல்லர் என்றது. குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பற்றவர் கையில் தற்காலிக வதிவிட அனுமதிச் சீட்டு. அதைப் புதுப்பிக்க அலுவலக வாசலில் காத்து நிற்க வேண்டும். தன் வீட்டில் தங்கத் தானே அனுமதி கேட்கும் நிலை!

வழக்குமன்றம் போனார்கள். உருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இந்திய வழித் தமிழர் ஒருவரின் பெயரைச் சேர்க்கும்படி பட்டியலைத் திருத்தும் அதிகாரி உத்தரவிட்டார். ஓரினத்துக்கு மட்டும் இடையூறு செய்யும் சட்டம் இயற்றக் கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லிற்று; பிரஜாவுரிமைச் சட்டம் அதை மீறுகிறது என்பது வாதம். 1951இல் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவைத் தள்ளுபடி செய்தது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. தன் குடிகள் யாரென்று முடிவு செய்வது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆகவே அநீதி இல்லை! அடி விழுந்த முதுகு யாருடையது என்று அந்த நீதி பார்க்கவில்லை.

1952 தேர்தல் வந்தது. மலைநாட்டிலிருந்து இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. வாக்கு இருந்தால்தானே போவதற்கு? வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். அவரை வீழ்த்தியவர் ஆளுங்கட்சி வேட்பாளர். மலைநாட்டானுக்காகப் பேசியவருக்குச் சொந்த ஊர் கொடுத்த பரிசு அது. அவர் புதுக்கடைக்குத் திரும்பி வழக்குகளைப் பார்த்தார்; ஊர் ஊராகச் சென்று கட்சியையும் வளர்த்தார். கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

1956இல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தனர். கட்சிக்குப் பத்து இடங்கள். அவ்வாண்டு சூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அவரும் தோழர்களும் அறப்போர் செய்தனர், குண்டர்களால் தாக்கப்பட்டனர். ஆகஸ்டில் திருகோணமலையில் கட்சி மாநாடு கூடியது. நான்கு கோரிக்கைகள்: கூட்டாட்சி, தமிழுக்குச் சம உரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசுக் குடியேற்றத்தை நிறுத்துதல், இவற்றோடு, குடியுரிமைச் சட்டங்களை நீக்கி, வாழ்ந்த காலம் என்ற எளிய அளவுகோலைக் கொண்டு குடியுரிமை வழங்குதல். மொழிப்போரின் உச்சத்திலும் அவர் தோட்டத் தொழிலாளியை மறக்கவில்லை. பாட்டனின் பத்திரம் வேண்டாம். நீ இங்கே வாழ்ந்தாயா, அது போதும் என்பதே அவர் கேட்ட சட்டம். எவ்வளவு எளிமை! எவ்வளவு நேர்மை!

1957 சூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்திய வழியினரின் குடியுரிமைச் சிக்கலும், சட்டத் திருத்தமும் அதில் இடம் பெற்றன. விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் ஒப்புக்கொண்டார். பிக்குகளின் எதிர்ப்புக்கு அஞ்சி 1958 ஏப்ரலில் பிரதமரே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1961இல் வடகிழக்கில் அறப்போர் மூண்டது. தமிழரசு அஞ்சல் சேவை நடத்தி அரசுக்கு அறைகூவல் விட்டனர். செல்வநாயகம் பனாகொடை இராணுவ முகாமில் காவலில் வைக்கப்பட்டார். அப்போதே அவர் உடல் நலிந்தவர், காது மந்தம். உள்ளம் மட்டும் நலியவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் டில்லியில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தனர். 1974இல் அந்த எஞ்சியவர்களையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்தனர். சந்தையில் மூட்டையைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவனை யாரும் கேட்கவில்லை. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செல்வநாயகம் உடன்பாடு கண்டு, அவ்வரசுக்கு ஆதரவளித்தார். அந்த ஆட்சிதான் 1967இல் டில்லி ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எதிர்த்த ஒப்பந்தம், ஆதரித்த ஆட்சியின் கையால் சட்டமாயிற்று. அவர் மீது இக்குறையைச் சுமத்துவோர் உண்டு. சுமத்த இடமும் உண்டு. மலைநாட்டுத் தொழிலாளரைத் திரட்ட அவருடைய கட்சி தனித் தொழிற்சங்கம் கண்டபோதும், மலையில் அது ஆலமரமாக வேரூன்றவில்லை. தலைவர்களைத் தெய்வமாக்குவது நம் வேலையன்று. செய்ததைச் சொல்வோம், செய்ய முடியாமற் போனதையும் சொல்வோம்.

1972ஆம் ஆண்டு மே மாதம் திருகோணமலையில் தமிழர் கூட்டணி அமைந்தது. ஒரே மேடையில் மூவர்: செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான். இருபத்து நான்கு ஆண்டுக்கு முன் எந்தச் சிக்கலில் பிரிந்தார்களோ, அதில் பிரிந்தவரும், பிரியப்பட்டவரும், அதனால் உரிமை இழந்த மக்களின் தலைவரும் கைகோத்தனர். பழம்பகையைச் செல்வநாயகம் கிளறவில்லை. புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, அதே ஆண்டு அக்டோபரில் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு இரண்டாண்டுக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பிப்ரவரி 6ஆம் நாள் நடந்தபோது, பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வேற்றுமையில் வென்றார். 1952இல் அவரைத் தோற்கடித்த அதே காங்கேசன்துறை அது!

1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறிற்று. மலைநாட்டு மக்களின் நிலை வேறு என்று சொல்லித் தொண்டமான் அதில் சேரவில்லை. 1977 ஏப்ரல் 26ஆம் நாள் செல்வநாயகம் மறைந்தார். சைவர் பெரும்பான்மையான ஒரு மக்கள் கூட்டம், கிறித்தவரான அவரைத் தந்தை என்று சொல்லி அழுதது.

அவர் மறைந்தபோது அவர் எதிர்த்த சட்டம் சாகவில்லை. தலைமன்னார்க் கப்பலில் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த வீடுகள் பல. நீலகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கு வேலை தர 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. 1984இல் போர் கப்பலை நிறுத்தியது. 1986இலும் 1988இலும் இலங்கை அரசு சட்டம் இயற்றி, எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க இறங்கி வந்தது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழும் இந்திய வழியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்றது. அளவுகோல் என்ன? வாழ்ந்த காலம்! 1956இல் திருகோணமலையில் செல்வநாயகத்தின் கட்சி கேட்டதும் அதே அளவுகோல்தான். நாற்பத்தேழு ஆண்டு கழித்து, எல்லாக் கட்சிகளும் ஆதரிக்க, அதைச் சட்டமாக்கினார்கள். கேட்டவர் மண்ணுக்குள் போய் இருபத்தாறு ஆண்டு ஆகியிருந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. போருக்கு அஞ்சித் தமிழகம் வந்து முகாம்களில் வாழும் ஈழத் தமிழருள், மலைநாட்டு இந்திய வழியினரும் பலர். அங்கே போனால் இந்தியன். இங்கே வந்தால் இலங்கையன். 2019 சூன் மாதம் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இத்தகைய முகாம்வாசிகள் அறுபத்தைவரின் வழக்கில், அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், மைய அரசு காலவரம்புக்குள் ஆய்ந்து முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. முப்பதாண்டு முகாமில் வாழ்ந்தவனுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவனுடைய காகிதத்தைத் தேடி எடுக்க ஒரு தோழர் வேண்டும்.

ஆகவேதான் இந்த வாழ்க்கையைத் தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்கிறோம். உரிமை என்பது மேடையில் முழங்கிப் பெறுவது மட்டுமன்று. காகிதத்தில் எழுதிக் காப்பதும் ஆகும். பிறப்பைப் பதியுங்கள். பெயரை எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டையும் பள்ளிச் சான்றையும் தூக்கி எறியாதீர்கள். கடல் கடந்து வேலைக்குப் போகும் தம்பியின் ஒப்பந்தத்தையும் அனுமதிச் சீட்டின் நாளையும் படித்துச் சொல்லுங்கள். கிளைக் கழகத்தில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு தெருவின் குடியுரிமை காக்கப்படும். 1951இல் தோட்டத்து லயங்களில் படிவம் நிரப்பிக் கொடுத்தார்களே, பெயர் தெரியாத அந்த இளைஞர்கள், அவர்களும் வழக்கறிஞர்கள்தாம்.

மற்றொன்றும் சொல்வோம். அடுத்த வீட்டுக்காரனின் காகிதத்தைச் சர்க்கார் கேட்கும்போது, நம் காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சும்மா இருக்கலாம். செல்வநாயகத்தின் காகிதமும் பத்திரமாகத்தான் இருந்தது. அவர் சும்மா இருக்கவில்லை.